ஹூகோ சான்செஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்சிகோ கால்பந்து ஸ்ட்ரைக்கர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே கொஞ்ச நேரத்தில் ஹூகோ சான்செஸ் பெயர் வந்துவிடும். கூடவே அதே பழைய கேள்விகளும் வரும்: உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆளா, பெரிய ஆள் என்றால் உலகக் கோப்பையில் ஏன் காணோம், ஒரு சீசனின் 38 கோலையும் ஒரே தொடுதலில் அடித்த கதை நிஜமா. பதில்களை ஓரிடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

யார் இவர்? ஒரு நிமிடத்தில் சொல்ல முடியுமா?

1958 ஜூலை 11 அன்று மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். அங்கே பூமாஸ் அணியில் ஆரம்பித்து, 1981-இல் ஸ்பெயினுக்குப் போய், முதலில் அத்லெட்டிகோ மாட்ரிட், பிறகு ரியல் மாட்ரிட் அணிகளுக்கு ஆடினார். ஸ்பெயின் லீக்கில் 347 போட்டிகளில் 234 கோல். ஒரு சீசனில் அதிக கோல் அடிப்பவருக்கு அங்கே கொடுக்கும் பிச்சிச்சி விருதை ஐந்து முறை வாங்கினார். ரியல் மாட்ரிட்டுக்கு மட்டும் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 282 ஆட்டங்களில் 208 கோல். வட, மத்திய அமெரிக்கப் பகுதியின் இருபதாம் நூற்றாண்டுச் சிறந்த வீரர் என்று கால்பந்து வரலாற்று, புள்ளிவிவரக் கூட்டமைப்பு இவரைத்தான் தேர்ந்தெடுத்தது.

பல் டாக்டர் என்கிறார்களே, வதந்தியா?

வதந்தி இல்லை. பூமாஸ் என்பது மெக்சிகோ தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் அணி. நீலமும் பொன்னிறமுமான சட்டை, நெஞ்சில் பூமாவின் முகம். 1968 ஒலிம்பிக் நடந்த பல்கலைக்கழக மைதானம்தான் சொந்த மைதானம். ஹூகோ அந்த அணிக்கு ஆடிக்கொண்டே அதே பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து முடித்தார்.

படிப்பு ஒரு பக்கம் நடந்தாலும் ஆட்டத்தில் குறை வைக்கவில்லை. 1976-77 சீசனில் பூமாஸ் முதல்முறையாக லீக் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்த இளைஞர்களில் ஒருவர் இவர். 1978-79 சீசனில் லீக்கில் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலின் உச்சியில் இருந்தார். 1980-81 சீசனில் போரா மிலுடினோவிச் பயிற்சியில் மறுபடி பட்டம். இடையில் 1979, 1980 கோடைகளில் அமெரிக்காவின் சான் டியேகோ சாக்கர்ஸ் அணிக்குப் போய் ஆடிவிட்டு வந்தார்.

ஸ்பெயினில் ஆரம்பத்திலேயே கலக்கினாரா?

இல்லை. முதல் சீசன் சுமார்தான்: அத்லெட்டிகோவுக்கு 8 லீக் கோல். அன்றைக்கு ஐரோப்பாவில் மெக்சிகோ வீரர் என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. 1978 உலகக் கோப்பையில் மெக்சிகோ மூன்று ஆட்டத்திலும் தோற்று, 12 கோல் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தது. அந்த நாட்டு ஸ்ட்ரைக்கரை ஏன் வாங்கினார்கள் என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. எதிரணி ரசிகர்கள் அவரை 'இந்தியோ' என்று கூவிச் சீண்டியதும் நடந்தது. அமெரிக்கப் பழங்குடி என்று பொருள்படும் அந்தச் சொல்லை வசவாகத்தான் கத்தினார்கள்.

அப்புறம் 15, 12, 19 என்று கோல்கள் வந்தன. அந்த 19-தான் 1984-85 சீசனின் முதல் பிச்சிச்சி. நான்கு வருடம் பொறுத்துக்கொண்ட அத்லெட்டிகோவுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். இன்றைய கிளப் என்றால் முதல் வருடத்திலேயே யாருக்காவது கடனாக அனுப்பியிருக்கும்.

அத்லெட்டிகோவிலிருந்து நேராக ரியல் மாட்ரிட்டுக்கா? ரசிகர்கள் சும்மா விட்டார்களா?

1985 ஜூன் 30. ஸ்பெயின் கிளப்புகளின் நாக்-அவுட் கோப்பையான கோபா டெல் ரேயின் இறுதிப் போட்டி, அத்லெட்டிகோவும் பில்பாவோவின் அத்லெட்டிக் கிளப்பும் மோதுகின்றன. அத்லெட்டிகோ 2-1 என்று ஜெயிக்கிறது. இரண்டு கோலும் ஹூகோ. ஆட்டம் நடந்த இடம் ரியல் மாட்ரிட்டின் பெர்னபேவு மைதானம். அடுத்த மாதமே அந்த மைதானம் அவருடைய சொந்த மைதானமாகிவிட்டது.

அத்லெட்டிகோவுக்குப் பணத் தட்டுப்பாடு. அதற்காக ஊரிலேயே பரம எதிரியான கிளப்புக்கு, கோப்பை வாங்கிக் கொடுத்தவரையே நேராக விற்றால் ரசிகர்கள் கொதித்துப் போவார்கள். அதனால் காகிதத்தில் முதலில் பூமாஸுக்குத் திரும்பி, அங்கிருந்து ரியல் மாட்ரிட்டுக்குப் போனது போல ஏற்பாடு செய்தார்கள். யாரும் ஏமாறவில்லை. பழைய மைதானத்துக்கு அவர் வெள்ளைச் சட்டையில் போன போதெல்லாம் காது கிழிய விசில்தான். அவரோ விசில் கேட்டால் இன்னும் நன்றாக ஆடுகிற ரகம்.

ரியல் மாட்ரிட்டில் என்னதான் சாதித்தார்?

1986 முதல் 1990 வரை வரிசையாக ஐந்து லீக் பட்டம். மோலோவ்னி, பீன்ஹாக்கர், டோஷாக் என்று மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள், பட்டம் மாறவில்லை. 1986-இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஏஃபா கோப்பை. அதன் இறுதியில் ஜெர்மனியின் கோல்ன் அணியை முதல் ஆட்டத்தில் 5-1 என்று நொறுக்கியபோது ரியலின் முதல் கோல் அவருடையது. 1989-இல் கோபா டெல் ரே.

அந்த அணியின் முதுகெலும்பு ஊர்ப் பையன்கள்: புத்ராகேன்யோ, மிச்செல், மார்ட்டின் வாஸ்கெஸ், சான்சிஸ். ரியலின் இளைஞர் அணியில் வளர்ந்து வந்த இவர்களைப் புத்ராகேன்யோவின் செல்லப் பெயரை வைத்து 'கின்டா டெல் பூய்த்ரே' என்று அழைத்தார்கள். மாட்ரிட் மக்களின் பாசம் அவர்கள் மேல்தான். ஹூகோ வெளியூர்க்காரர், அதுவும் எதிரி கிளப்பிலிருந்து வந்தவர். ஆனால் மிச்செல் வலது பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட கிராஸ்களுக்குக் கோல் என்ற முடிவைக் கொடுத்தது பெரும்பாலும் இவர்தான். புத்ராகேன்யோ பாக்ஸுக்குள் பந்தை வைத்துக்கொண்டு டிஃபெண்டர்களை நிற்க வைத்துவிடுவார். அந்த நேரத்தில் ஹூகோ வேறோர் இடத்துக்கு நகர்ந்திருப்பார். இப்படி ஒரு ஜோடி அமைவது அபூர்வம். பாசம் ஒருவருக்கு, கோல் இன்னொருவருக்கு.

பிச்சிச்சி கணக்கைக் கேட்பவர்களுக்கு: 1985-இல் 19, 1986-இல் 22, 1987-இல் 34, 1988-இல் 29, 1990-இல் 38. நடுவில் 1989-இல் 27 கோல் அடித்தும் கிடைக்கவில்லை. 35 கோல் அடித்த பால்தசார் வாங்கிக்கொண்டார். அவர் எந்த அணி என்று கேட்டால், அத்லெட்டிகோ. பழி தீர்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

38 கோலையும் ஒரே தொடுதலில் அடித்தார் என்பது நிஜமா?

நிஜம். இந்தப் பக்கத்தில் எந்தப் பதிலை மெதுவாகப் படிக்கிறீர்களோ இல்லையோ, இதைப் படியுங்கள்.

1989-90 சீசன். ரியல் மாட்ரிட் 38 ஆட்டங்களில் 107 கோல் அடித்தது, அன்றைய லீக் சாதனை. அதில் 38 ஹூகோவுடையவை. 1950-51 சீசனில் டெல்மோ சாரா அடித்த 38-ஐ இது தொட்டது. (சாராவுக்கு 30 ஆட்டமே போதுமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) 2011-இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ தாண்டும்வரை அந்த எண் அப்படியே நின்றது. ஐரோப்பிய லீக்குகளிலேயே அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதும் அந்த வருடம் ஹூகோவுக்குக் கிடைத்தது. பல்கேரியாவில் சி.எஸ்.கே.ஏ. சோபியா அணிக்கு அதே 38 கோல் அடித்த ஹிரிஸ்டோ ஸ்டாய்ச்கோவுடன் பகிர்ந்துகொண்டார். ஸ்டாய்ச்கோவ் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வருவார்.

இப்போது தொடுதல் விஷயம். பந்து வந்ததும் காலால் நிறுத்தி, சரிசெய்து, பிறகு அடிப்பதுதான் சாதாரண வழக்கம். ஹூகோவின் அந்த 38 கோலில் ஒன்றில்கூட அந்த நிறுத்தம் கிடையாது. வந்த பந்து வந்தபடியே வலைக்குள் போகும். காலால், தலையால், சரிந்து விழுந்து, முதுகைக் கோலுக்குக் காட்டியபடி, எப்படியோ ஒன்று. பெனால்டிகளும் இந்தக் கணக்கில் உண்டு, அவை எப்படியும் ஒரே தொடுதல்தானே என்று சிலர் மடக்குவார்கள். சரி, அவற்றைக் கழித்துவிட்டே பாருங்கள். மிச்சம் இருப்பவையும் எல்லாமே ஒரே தொடுதல்தான் என்பதுதான் வியப்பு. ஒரு முழு சீசனில் ஒரு தடவைகூட இரண்டாவது தொடுதலுக்கு அவசியம் வரவில்லை.

இதைச் சும்மா வித்தை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது தொடுதலுக்கு ஆகும் அரை நொடியில் டிஃபெண்டர் காலை நீட்டிவிடுவார், கோல்கீப்பர் நின்றுகொள்வார். அந்த அரை நொடியை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பந்து வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்: எங்கே நிற்பது, எந்தக் கால், உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கோல்கீப்பர் எந்தக் கம்பத்தை விட்டு விலகியிருக்கிறார். அவர் அத்தனை உயரமானவர் இல்லை, அசுர ஓட்டக்காரரும் இல்லை. பந்து வந்து சேரும் நேரத்தில் யோசனை முடிந்திருக்கும், அவ்வளவுதான் ரகசியம். கல்யாணப் பந்தியில் அடுத்த வரிசை எப்போது எழும் என்று கணித்து, சரியான நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பாரே ஒருவர், அவரைப் போல.

லோக்ரோன்யேஸ் கோல் என்று எல்லோரும் சொல்வது எது?

1988 ஏப்ரல் 10, பெர்னபேவு மைதானம், எதிரணி லோக்ரோன்யேஸ். இடது பக்கத்திலிருந்து மார்ட்டின் வாஸ்கெஸ் ஒரு கிராஸ் போடுகிறார். பந்து ஹூகோவுக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறது. வேறு யாராயிருந்தாலும் நெஞ்சில் வாங்கிக் கீழே இறக்கியிருப்பார், இல்லையென்றால் விட்டிருப்பார். இவர் கோலுக்கு முதுகைக் காட்டி அந்தரத்தில் மல்லாந்து, இடது காலால் தலைக்கு மேலே அடிக்கிறார். பந்து மேல் மூலைக்குள் போகிறது.

பைசிக்கிள் கிக் கோல்கள் நிறைய உண்டு. பலவற்றில் அடிப்பவர் அரைகுறையாகச் சாய்ந்திருப்பார், பந்து எங்கோ பட்டு எப்படியோ உள்ளே போயிருக்கும். இதில் அவர் உடம்பு தரைக்கு இணையாகக் கிடக்கிறது, பந்தில் கால் முழுசாகப் படுகிறது. மைதானமே வெள்ளைக் கைக்குட்டைகளை எடுத்து ஆட்டியது. காளைச் சண்டையில் வீரனைப் பாராட்டும் வழக்கம் அது. இப்படி ஒரு கோல் விழுந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஷாம்பெயின் கொடுக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் பயிற்சியாளர் பீன்ஹாக்கர் சொன்னது ஸ்பெயினில் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இந்த மாதிரி உதைக்கு அவர் பெயரிலேயே 'ஹூகோசினா' என்று ஒரு பட்டமும் வந்தது.

கோல் அடித்ததும் ஏன் குட்டிக்கரணம்?

தங்கை, அக்காக்கள் இருந்தால் வீட்டில் எதையாவது கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது. அவருடைய சகோதரி எர்லிந்தா ஜிம்னாஸ்டிக் வீராங்கனை, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மெக்சிகோவுக்காகப் போட்டியிட்டவர். அதே ஒலிம்பிக்கில் கால்பந்து அணியில் ஹூகோவும் இருந்தார். பல்டி அடிக்கக் கற்றது சகோதரியிடம். கோல் கொண்டாட்டத்தில் பல்டி அடிக்கும் வழக்கத்தை இவர் அளவுக்கு உலகுக்குப் பழக்கியவர்கள் குறைவு.

பல்டி வேறு, ஆட்டம் வேறு என்றும் நான் நினைக்கவில்லை. அந்தரத்தில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் லோக்ரோன்யேஸ் கோல் சாத்தியம்.

இவ்வளவு அடித்தவருக்கு பாலோன் தோர் ஏன் கிடைக்கவில்லை?

கொடுக்க விதியில் இடமே இல்லை. ஆண்டின் சிறந்த வீரருக்கான அந்த விருது 1994 வரை ஐரோப்பிய நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். மரடோனாவுக்கும் இதே கதி. 1990-இல் விதி வேறு மாதிரி இருந்திருந்தால் அவர் வென்றிருப்பாரா என்று கேட்டால், மாட்டார் என்பதே என் கணிப்பு. அது உலகக் கோப்பை வருடம். அந்த வருடம் அவர் எங்கே இருந்தார் என்பது கொஞ்சம் கீழே.

ஐரோப்பிய சாம்பியன் பட்டம்?

இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து அரையிறுதியில் கழன்றார்கள். 1987-இல் பயர்ன் மூனிச். 1988-இல் பி.எஸ்.வி. ஐந்தோவன்: 1-1, 0-0, வெளியூர் கோல் விதிப்படி வெளியே. காலிறுதி முதல் இறுதிவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் அந்த பி.எஸ்.வி. கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது, வயிற்றெரிச்சல். 1989-இல் மிலான். முதல் ஆட்டம் மாட்ரிட்டில் 1-1, கோல் ஹூகோ. இரண்டாவது மிலானில், 5-0. அதைப் பற்றி ரியல் ரசிகர்களிடம் பேசாமல் இருப்பது நல்லது.

உலகக் கோப்பையில் ஒரே ஒரு கோல்தான் என்கிறார்களே?

ஆமாம். 1986-இல் பெல்ஜியத்துக்கு எதிராக ஒன்று. அவ்வளவே. அவரைக் குறைத்துப் பேசுபவர்கள் கையில் எடுக்கும் முதல் கல் இதுதான், அது பொய்யான கல்லும் இல்லை.

கணக்கை முழுசாகப் பார்ப்போம். 1978-இல் இருபதை எட்டாத பையன், அணியே படுமோசம். 1982-க்கு மெக்சிகோ தகுதியே பெறவில்லை. அந்தப் பகுதியிலிருந்து ஹோண்டுராஸும் எல் சால்வடாரும் போயின. 1986 சொந்த மண். அவர் வாழ்க்கையின் உச்ச வயது, ஸ்பெயினில் இரண்டு பிச்சிச்சி வாங்கிவிட்டு வந்திருக்கிறார், நாடே அவர் காலை நம்பி இருக்கிறது. பெல்ஜியத்தை 2-1 ஜெயித்தார்கள். அடுத்து ஜூன் 7, அஸ்டெகா மைதானத்தில் பராகுவே. மெக்சிகோ ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில் பராகுவே சமன் செய்தது. உடனே மெக்சிகோவுக்கு ஒரு பெனால்டி. லட்சத்துக்கு மேல் கூட்டம். பந்தை வைத்தவர் ஹூகோ. கோல்கீப்பர் ரொபெர்தோ ஃபெர்னாண்டெஸ் தடுத்துவிட்டார். 1-1.

மெக்சிகோ அந்தப் பிரிவில் முதலிடம் பிடித்தது, பல்கேரியாவை வீழ்த்தி காலிறுதிக்கும் போனது. பல்கேரியா ஆட்டத்தில் நெக்ரெத்தே அடித்த அந்தரக் கத்தரி உதை அந்த உலகக் கோப்பையின் அழகான கோல்களில் ஒன்று. ஹூகோ அடித்துப் பெயர் வாங்க வேண்டிய மாதிரியான கோல் அது, அடித்தவர் வேறு. காலிறுதி மான்டெர்ரேயில், மேற்கு ஜெர்மனியுடன் 0-0, பெனால்டி ஷூட்-அவுட்டில் தோல்வி. ஆக அந்தத் தவறிய பெனால்டியால் மெக்சிகோ வெளியேறவில்லை. ஆனாலும் மெக்சிகோவில் ஹூகோ என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். வீட்டில் நடந்த தப்பை ஊர் மறப்பதில்லை.

1990-இல் தங்கக் காலணி வாங்கியவர் அதே வருட உலகக் கோப்பையில் ஏன் இல்லை?

இதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

1988 ஏப்ரலில் குவாட்டமாலாவில் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான தகுதிச் சுற்று. மெக்சிகோ தகுதி பெற்றது. அப்புறம்தான் வெளியே வந்தது, அணியில் நான்கு பேர் வயது மீறியவர்கள் என்று. மாட்டிக்கொண்ட விதம் இன்னும் வேடிக்கை. அந்த வீரர்களின் உண்மையான பிறந்த தேதி மெக்சிகோ கூட்டமைப்பு தானே அச்சடித்த ஆண்டு மலரில் இருந்தது. போட்டிக்குக் கொடுத்த தாள்களில் வேறு தேதி. ஒரு பத்திரிகையாளர் இரண்டையும் ஒப்பிட்டு எழுதிவிட்டார்.

முதலில் இளைஞர் அணிக்குத்தான் தண்டனை. கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டு வாயை மூடியிருந்தால் அதோடு போயிருக்கும். மேல்முறையீடு, வாதம் என்று இழுத்ததில் ஃபிஃபா எல்லா மெக்சிகோ அணிகளுக்கும் இரண்டு வருடத் தடை போட்டுவிட்டது. 1988 சியோல் ஒலிம்பிக் போச்சு, 1990 இத்தாலி உலகக் கோப்பையும் போச்சு. அந்தப் பகுதியிலிருந்து கோஸ்டா ரிக்காவும் அமெரிக்காவும் போயின. கோஸ்டா ரிக்காவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை.

ஐரோப்பாவிலேயே அதிக கோல் அடித்த ஆள், 31 வயது, அடித்ததெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்த காலம். யாரோ நான்கு பையன்களின் பிறந்த தேதியை அலுவலகத்தில் யாரோ மாற்றி எழுதியதற்கு அவர் டிவி முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. 'உலகக் கோப்பையில் ஒரு கோல்' என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

1994-இல் அணியில் இருந்தாரே, ஏன் இறக்கவில்லை?

மெக்சிகோவில் இதைக் கேட்டால் இன்றும் சண்டை வரும்.

நார்வேக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஆடினார், 1-0 தோல்வி. 36-ஐ நெருங்கும் வயது. பிறகு பெஞ்சில்தான். ஜூலை 5 அன்று நியூ ஜெர்சியில் பல்கேரியாவுடன் நாக்-அவுட் ஆட்டம். பல்கேரியாவுக்கு ஆறாவது நிமிடத்திலேயே கோல் அடித்தவர் ஸ்டாய்ச்கோவ், மேலே சொன்ன அதே தங்கக் காலணிப் பங்காளி. கார்சியா ஆஸ்பே பெனால்டியில் சமன் செய்தார். இரண்டு பக்கமும் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கிப் போனார்கள். நடுவில் மெக்சிகோ வீரர் ஒருவர் வலைக்குள் போய் விழுந்து கோல் கம்பமே உடைந்து, வேறொன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். கூடுதல் நேரமும் முடிந்தது. இவ்வளவு நடந்தும் பயிற்சியாளர் மெஹியா பரோன் ஒரு மாற்று வீரரைக்கூட இறக்கவில்லை. ஷூட்-அவுட்டில் முதல் மூன்று உதையும் வீண், 3-1 தோல்வி. ஹூகோ பெஞ்சிலிருந்து எழவே இல்லை.

பயிற்சியாளர் பக்க நியாயம்: வயது, வேகம், அணி நன்றாகத்தானே ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அது போதவில்லை. பத்துப் பேர் 120 நிமிடம் வெயிலில் ஓடிக் களைத்திருக்கும்போது, ஓடாமலே கோல் அடிக்கத் தெரிந்த ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடமாவது கொடுத்திருக்கலாம்.

நாட்டுக்காக மொத்தம் 58 ஆட்டத்தில் 29 கோல். அவர் நாட்டுக்கு ஆடவே இல்லை என்ற பேச்சுக்கு இந்த எண்ணே பதில். 1993-இல் தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான கோபா அமெரிக்காவில் மெக்சிகோ இறுதிவரை போனபோதும் அவர் அணியில் இருந்தார்.

ரியலுக்குப் பிறகு?

காயங்கள் வந்தன, கடைசி இரண்டு சீசனில் 12, 2 என்று லீக் கோல்கள் சுருங்கின. 1992-இல் கிளம்பினார். மெக்சிகோவில் 'அமெரிக்கா' என்ற பெயருள்ள கிளப், மறுபடி ஸ்பெயினில் ராயோ வாய்யேகானோ (அங்கே 35 வயதில் 16 லீக் கோல், அதை யாரும் சொல்வதில்லை), அட்லாண்டே, ஆஸ்திரியாவில் லின்ஸ், அமெரிக்காவில் டல்லாஸ் பர்ன், கடைசியாக 1997-இல் மெக்சிகோவின் செலாயா. அந்தச் சின்ன ஊர் அணியில் புத்ராகேன்யோவும் மிச்செலும் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார்கள்.

பயிற்சியாளராக எப்படி?

பூமாஸில் அபாரம். மெக்சிகோ லீக்கில் வருடத்துக்கு இரண்டு பட்டம் உண்டு. 2004-இல் இரண்டையும் பூமாஸ் வென்றது. அந்த முறை வந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு பட்டம் வென்ற முதல் அணி அதுதான். அதே வருடம் ஆகஸ்டில் பெர்னபேவு கோப்பைக்காக மாட்ரிட் போய், ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என்று தோற்கடித்தார்கள். நட்பு ஆட்டம்தான். ஆனாலும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

தேசிய அணியில் அவ்வளவு சரிவரவில்லை. மற்ற பயிற்சியாளர்களை, குறிப்பாகத் தனக்கு முன் தேசிய அணியை நடத்திய லா வோல்பேயை, வருடக்கணக்கில் விமர்சித்துவிட்டு 2006 கடைசியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். 2007 கோபா அமெரிக்காவில் பிரேசிலை 2-0 வென்று மூன்றாம் இடம் என்பது நல்ல பெயர். வட, மத்திய அமெரிக்கப் பகுதியின் கோல்ட் கப் இறுதியில் அமெரிக்காவிடம் தோல்வி. 2008 மார்ச்சில் 23 வயதுக்கு உட்பட்டோர் அணியை பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற வைக்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் ஹைட்டியை ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். 5-1 என்று ஜெயித்தார்கள். ஒரு கோல் குறைவு. கோல் வாய்ப்புகளை வாரி இறைத்த ஆட்டம் அது. அந்த மாதமே வேலை போயிற்று.

பிறகு ஸ்பெயினில் அல்மேரியா, மெக்சிகோவில் பச்சுகா என்று கொஞ்ச காலம், அப்புறம் தொலைக்காட்சியில் விமர்சகர்.

தலைக்கனம் பிடித்தவர் என்பார்களே?

கொஞ்சம் உண்மைதான். அடக்கம் அவருடைய பலம் இல்லை. தான் பெரிய ஆள் என்று அவரே சொல்லுவார், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். ஆனால் மைதானம் முழுக்க வசவு பாடும் நாட்டில் நான்கு வருடம் தாக்குப்பிடித்து மேலே வந்த ஒருவருக்கு அந்தக் கனம் தேவைப்பட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிச்சாரித்தோவா, ஹூகோவா?

ஹாவியர் எர்னாண்டெஸ், அதாவது சிச்சாரித்தோ, மெக்சிகோ தேசிய அணிக்கு 52 கோல் அடித்தவர். முந்தைய சாதனையாளர் போர்கெட்டியின் 46-ஐத் தாண்டிய சாதனை அது. 2010, 2014, 2018 என்று மூன்று உலகக் கோப்பையிலும் சேர்த்து நான்கு கோல். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 59 கோல். 2015-இல் ரியல் மாட்ரிட்டில் ஒரு வருடக் கடனில் இருந்தபோது, சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அத்லெட்டிகோவுக்கு எதிராக 88-ஆவது நிமிடத்தில் அடித்த கோல் ஒன்றே அவரை ரியல் ரசிகர்கள் நினைவில் வைக்கப் போதும். குடும்பக் கதையும் சுவையானது. தாத்தா தோமாஸ் பால்காசார் 1954 உலகக் கோப்பையில் கோல் அடித்தவர். அப்பா 1986 அணியில் ஹூகோவோடு இருந்தவர்.

தேசிய அணிச் சட்டையில் சிச்சாரித்தோ, கிளப் சட்டையில் ஹூகோ. யாராவது ஒருவர்தான் என்று கட்டாயப்படுத்தினால் யோசிக்காமல் ஹூகோ என்பேன். சிச்சாரித்தோ பெரிய அணிகளில் நம்பகமான இரண்டாவது ஸ்ட்ரைக்கர். ஹூகோ அந்த அணியே கோலுக்காக நம்பியிருந்த ஆள். ஸ்பெயின் லீக்கில் அவருக்கு மேலே இன்றும் மெஸ்ஸி, கிறிஸ்டியானோ ரொனால்டோ, சாரா, பென்சிமா என்று நான்கே பேர்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

லோக்ரோன்யேஸ் கோலை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு 1989-90 சீசனின் 38 கோல்களையும் வரிசையாகத் தொகுத்த காணொளியைத் தேடி ஒரே மூச்சில் பாருங்கள். முதல் தடவை பந்தைப் பாருங்கள். இரண்டாவது தடவை மிச்செல் கிராஸ் போடக் காலைத் தூக்கும்போதே பந்தை விட்டுவிட்டு, பாக்ஸுக்குள் ஹூகோவை மட்டும் பாருங்கள். டிஃபெண்டரின் கண் பந்துப் பக்கம் திரும்பும் நொடியில் இவர் இரண்டு எட்டு பின்வாங்கி, அவர் முதுகுக்குப் பின்னால் போய், மறுபடி முன்னால் வருவார். கோல் அங்கேயே பாதி முடிந்துவிட்டது.